தெருவிளக்குக் கடமையிலிருந்து சொந்தக் காற்றாலை வரை

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006ஆம் ஆண்டு 350 கிலோவாட் திறன்கொண்ட காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். அதற்குப் பிறகு இந்தச் செய்தி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பலமுறை எழுதப்பட்டது. வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குழுக்கள் வந்து பார்த்துச் சென்றன. எழுதியவர்களில் சிலர் இதைப் பசுமைத் தொழில்நுட்பம் கிராமத்தை எட்டிய கதையாகச் சொன்னார்கள். வேறு சிலர் ஊருக்கு நல்ல தலைவர் வாய்த்த கதையாகச் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்க, ஓடந்துறையின் வழியில் மற்றவை ஏன் திரளாகப் போகவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. விடை கிடைக்க வேண்டுமானால் ஊராட்சி என்ற அமைப்பு எதை உடைமையாக வைத்திருந்தது, எதை இழந்தது, எதைத் திரும்பப் பெற்றது என்ற பழைய வரலாற்றுக்குள் போக வேண்டும். தூய ஆற்றலைப் பற்றிய விவாதமாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது, அடிப்படையில் பொதுச்சொத்தை யார் வைத்திருப்பது என்ற விவாதம். ஓடந்துறையின் சிறப்பு, அந்த விவாதத்தில் ஓர் ஊராட்சி உடைமையாளராக எழுந்து நின்றதுதான்.

ஊராட்சியை நாம் வழக்கமாக ஒரு சிறு நிர்வாக அலுவலகமாகவே நினைக்கிறோம். சட்டப்படி அது ஊரின் பொதுநிலத்துக்குக் காவலாளியும்கூட. ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து தீர்வை விதித்தபோது, தனியாருக்குப் பட்டா கொடுக்கப்படாத ஊர்ப் பொதுநிலங்கள் புறம்போக்கு என்று பதிவாயின. மந்தைவெளி, களம், சுடுகாடு, வண்டிப்பாதை, நீர்நிலை எல்லாம் கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் அப்படித்தான் ஏறின. அவை ஊராரின் பயன்பாட்டில் இருந்தாலும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், மேய்ச்சல் நிலம், களத்துமேடு, சுடுகாடு, இடுகாடு, மாட்டுத்தாவளம், வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சாரும் என்று சொல்கிறது. நம் மாநிலத்தில் உள்ளூர்ப் பொதுநிலத்தைப் பராமரிக்கும் முகமை எது என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பெயர் கிராம ஊராட்சி.

நிலத்தோடு சேர்ந்து இரண்டு கடமைகளும் தொடக்கத்திலிருந்தே அதனிடம் இருந்தன: வெளிச்சம், தண்ணீர். 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் உருவான யூனியன்கள் வீட்டுவரி வசூலித்துத் தெருவைத் துப்புரவாக வைத்துக்கொள்ளவும் விளக்கேற்றவும் கடமைப்பட்டிருந்தன. மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஊர்ப்பணத்தில் எண்ணெய் வாங்கி ஊர்த்தெருவில் விளக்கு வைப்பது உள்ளாட்சியின் வேலையாகிவிட்டது. 1920, 1950, 1958 என்று அடுத்தடுத்து வந்த சட்டங்களில் ஊராட்சியின் வடிவமும் அதிகாரமும் மாறின; விளக்கும் குடிநீரும் மட்டும் பட்டியலிலிருந்து நீங்கவில்லை. இன்றும் ஓர் ஊராட்சியின் மின்கட்டண ரசீதைப் பார்த்தால் அதில் இருப்பவை தெருவிளக்கும் தண்ணீர் மோட்டாரும்தான். உள்ளாட்சியின் மிகப் பழைய கடமைகளும் இன்றைய மின்செலவும் ஒன்றே என்பது இந்த வரலாற்றின் மையமான உண்மை.

மின்சாரம் வந்த விதம் அந்தக் கடமைக்கும் உடைமைக்கும் இடையிலான உறவை மாற்றியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரியிலிருந்து இறங்கிய அந்த மின்சாரம் கோவையின் நூற்பாலைகளைப் பெருக்கியது. மேட்டூரும் பாபநாசமும் அடுத்து வந்தன. உற்பத்தி அரசிடம் இருந்தாலும், ஊருக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் உரிமத்தை அந்தக் காலத்தில் தனியார் நிறுவனங்களோடு சில நகராட்சிகளும் பெற்றிருந்தன. கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி இன்றும் தன் நகரத்துக்குத் தானே மின்விநியோகம் செய்கிறது. உள்ளாட்சிக்கு மின்சாரத் தொழில் தெரியாது என்று சொல்பவர்களுக்கு அது போதுமான பதில். ஆனால் 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலத்துக்கொரு வாரியம் என்ற வழியைத் திறந்தது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1இல் பிறந்தது. அந்த வாரியம் செய்தது சாதாரணச் சாதனையல்ல. 1980களின் தொடக்கத்துக்குள் மாநிலத்தின் கிட்டத்தட்ட எல்லாக் கிராமங்களுக்கும் கம்பி போய்ச் சேர்ந்தது. பம்புசெட் ஓடியது, மேல்நிலைத் தொட்டி நிறைந்தது, தெருவில் குழல்விளக்கு எரிந்தது. கூடவே, எண்ணெய் வாங்கி விளக்கேற்றிய ஊராட்சி கட்டணம் செலுத்தும் நுகர்வோராகிவிட்டது. புதிய தெரு உருவானால் விளக்கு கூடும். நிலத்தடி நீர் இறங்கினால் மோட்டாரின் குதிரைத்திறன் கூடும். இரண்டும் கூடினால் ரசீதில் தொகை கூடும். ஊராட்சிகள் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டவேண்டியதற்காகவே தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் நிலை பிற்பாடு வந்தது. மாநில நிதி அந்தக் கணக்குக்கு வந்து, வந்த வழியே வாரியத்துக்குத் திரும்பிப் போகிறது. ஊரில் அது எந்தச் சொத்தையும் விட்டுச்செல்வதில்லை.

இதே காலத்தில் இன்னொரு தரப்பார் வேறொரு பாதையைக் கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கி அடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். அதைத் தாண்டி வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் சமவெளியில் வைகாசி பிற்பகுதியிலிருந்து புரட்டாசி வரை ஓய்வதில்லை. தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985இல் அமைந்தது. 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் சுழன்றன. 1990களில் மத்திய அரசு, காற்றாலையில் போட்ட முதலை முதலாண்டிலேயே 100 சதவீதம் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரியில் இடம் கொடுத்தது. லாபத்தில் இருந்த ஆலைகளும் நிறுவனங்களும் காற்றாலை வாங்கத் தொடங்கின. முப்பந்தலிலும் உடுமலையிலும் பட்டா நிலம் வாங்கி நட்டார்கள். ஓரிடத்தில் உற்பத்தியான மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே இன்னோரிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இந்த வளர்ச்சிக்கு முதுகெலும்பாக இருந்தது. காற்றுக்காலத்தில் மிஞ்சுவதைக் கணக்கில் சேர்த்துவைத்து மற்ற மாதங்களில் கழித்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே ஆலை இருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 2020களில் 10,000 மெகாவாட்டைக் கடந்ததற்கு இந்த ஏற்பாடுகள்தான் அடித்தளம். இவற்றில் எதுவும் ஊராட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. வரிச்சலுகை, வரி கட்டுகிறவருக்குத்தான் பயன்படும். ஊராட்சி வருமானவரி கட்டுவதில்லை. பொதுப்பணத்தை விட்டுக்கொடுத்து வளர்க்கப்பட்ட ஒரு துறையில், பொதுநிலத்தைக் காக்கும் அமைப்புக்கு இடம் ஒதுக்கப்படவே இல்லை.

இடம் வேறு வாசல் வழியாக வந்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது, பதினோராவது அட்டவணை 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. அவற்றில் 14ஆவது, மின்விநியோகம் உள்ளிட்ட ஊரக மின்மயமாக்கம். 15ஆவது, மரபுசாரா எரிசக்தி. அரசியல் சட்டமே ஊராட்சியின் பெயருக்கு நேராக இந்தத் துறையை எழுதிவைத்தது. ஆனால் அட்டவணையில் எழுதுவதாலேயே அதிகாரம் கைக்கு வந்துவிடாது. மாநிலம் நிதியும் பணியாளரும் ஆணையும் சேர்த்துத் தர வேண்டும். தமிழ்நாட்டில் புதிய சட்டத்தின்கீழ் 1996இல் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றபோது, அவர்களுக்குக் கிடைத்தது பெரிய பட்டியலும் சிறிய பெட்டியும். அந்த ஆண்டு ஓடந்துறையில் தலைவரானவர் ஆர். சண்முகம்.

ஓடந்துறை, காரமடை ஒன்றியத்தில், நீலகிரி மலையின் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் சாலையை ஒட்டியிருக்கும் ஊராட்சி; பவானி ஆறு அருகில் ஓடுகிறது. குடிசைகள் நிறைந்த குக்கிராமங்களுக்குக் குடிநீர் கொடுப்பதுதான் அங்கே முதல் வேலையாக இருந்தது. குடிநீர்த் திட்டம் வந்தது, வீடுகள் கூடின, விளக்குகள் கூடின, எல்லாவற்றோடும் மின்கட்டணமும் கூடியது. வெற்றிக்குக் கிடைத்த தண்டனை போலக் கட்டணம் வளர்ந்தபோது, ஊராட்சி முதலில் போனது காற்றுக்கு அல்ல, மரத்துண்டுக்கு. 2003இல் 9 கிலோவாட் அளவில் ஒரு மரக்கழிவு வாயுக்கலனை நிறுவியது. மரவாடிகளில் கழியும் துண்டுகளை மூடிய கலனில் போட்டு, காற்றைக் குறைத்துவிட்டு அரைகுறையாக எரித்தால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு வரும். அதைக் குளிரவைத்து, தாரும் சாம்பலும் போக வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுத்தால் தண்ணீர் இறைக்கலாம். எளிய இயந்திரம்தான், ஆனால் நாள்தோறும் ஆள் வேண்டும், காய்ந்த மரம் வேண்டும், வடிகட்டியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சிறு சோதனை ஊராட்சிக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது: ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலைக்கு அடங்குகிறது என்று தானே கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம். மூன்றாண்டுகள் கழித்து வந்த பெரிய முடிவு அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உடுமலைப் பகுதியில் மைவாடியில், கணவாய்க் காற்று அடிக்கும் சமவெளியில் நிற்கிறது. மின்சாரம் வாரியத்தின் கம்பிக்குள் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி என்றும், ஊராட்சியின் சொந்தத் தேவை 4.5 லட்சம் யூனிட் அளவு என்றும், இதன்மூலம் ஆண்டு வருமானம் 19 லட்சம் ரூபாய் அளவு என்றும் அக்காலத்து அறிக்கைகள் சொல்கின்றன. 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்குச் சற்று மேல் தரும், அதில் 6.75 லட்சம் என்பது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். கணவாய்க் காற்றின் இயல்புக்கு இது பொருந்தும் கணக்கு. கடன் தவணை அந்த வருமானத்திலிருந்தே போனது. இங்கே நடந்ததை ஆலைகள் செய்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலை தன் நூற்புக்கூடத்துக்கு வெளியே காற்றடிக்கும் இடத்தில் இயந்திரம் நட்டது. ஊராட்சியும் அதையே செய்தது. ஆலை வங்கியில் கடன் வாங்கியது, ஊராட்சியும் வாங்கியது. ஆலைக்குக் கிடைத்த தேய்மானச் சலுகை மட்டும் ஊராட்சிக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாமலேயே கணக்கு நேரானது. தனியாருக்கென்று திறந்த கதவின் வழியே ஒரு பொது அமைப்பு நுழைந்து காட்டியது என்பதே இதன் வரலாற்றுப் பொருள். வாரியத்துக்குக் கட்டிக் கரைந்துகொண்டிருந்த பணம், ஊரின் பெயரில் ஒரு சொத்தாக மாறியது.

இதெல்லாம் ஒரு தனிமனிதரின் முயற்சி, அவர் இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது என்பது முதல் மறுப்பு. சண்முகத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அவரால் முடிந்தது எதனால் என்று பார்க்க வேண்டும். பத்தாண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். திட்டம் போட்டவர்களே கடன் அடைக்கும் காலத்திலும் பொறுப்பில் இருந்தார்கள். ஊராட்சியிடம் 40 லட்சம் சேமிப்பு இருந்தது. வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் ஒழுங்காக வசூலாகாத ஊரில் அப்படிச் சேமிக்க முடியாது. தொடர்ச்சியும் சொந்த வருமானமும் இருந்த இடத்தில் திறமை பலன் தந்தது. மறுபக்கத்தைப் பாருங்கள்: 2016இல் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். ஏழெட்டாண்டுக் கடனுக்குக் கையெழுத்திடும் துணிவு, அடுத்த மாதம் இடம் மாறக்கூடிய அலுவலருக்கு எப்படி வரும்? ஓடந்துறைகள் பெருகாததற்கு நல்ல மனிதர்கள் இல்லாதது காரணம் என்பது மற்ற ஊர்களின் மனிதர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. நீண்டகால முடிவெடுக்கும் அமைப்பாக ஊராட்சியை இருக்கவிடாததே காரணம்.

இரண்டாவது மறுப்பு பணம் பற்றியது. காற்று ஐந்து மாதம் அடிக்கும், மற்ற மாதங்களில் தணியும், இயந்திரம் பழையதாகும், விதிகள் மாறும், இவ்வளவு ஆபத்தில் ஏழைகளின் வரிப்பணத்தைப் போடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் வசதி புதிய காற்றாலைகளுக்குப் பிற்காலத்தில் சுருக்கப்பட்டது. 2006இல் போட்ட கணக்கை இன்று அப்படியே போட முடியாது. 20 ஆண்டுகளைத் தொடும் இயந்திரத்துக்குப் பராமரிப்புச் செலவு கூடுவதும் இயல்பு. ஆயினும் ஆபத்து ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்று தெரிந்தும் என்றைக்கும் நுகர்வோராகவே இருப்பதும் ஆபத்துதான். அதற்கு முடிவுத் தேதி கிடையாது, கடனுக்கு உண்டு. விதிமாற்றம் ஆபத்து என்றால், அந்த விதிகளை எழுதுவது காற்று அல்ல, அரசும் ஒழுங்குமுறை ஆணையமும். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மின்சாரம் உற்பத்தி செய்யும் உள்ளாட்சியை, லாபத்துக்காகச் செய்யும் நிறுவனத்தோடு ஒரே தட்டில் வைக்காமல் தனி வகையாக வைத்து நிலையான விதிகளைத் தர அவற்றால் முடியும். தனித்தனியே வாங்கும் வலுவில்லாத ஊராட்சிகள் ஒன்றிய அளவில் சேர்ந்து வாங்கினால் ஓர் இயந்திரம் பழுதானாலும் எல்லாம் நின்றுபோகாது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கனமானது. மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கான மெகாவாட் வேண்டியிருக்கும்போது 350 கிலோவாட் எதற்குப் போதும்? பெரிய நிறுவனங்கள் மலிவாகச் செய்வதைச் சிற்றூர்கள் ஏன் சிரமப்பட்டுச் செய்ய வேண்டும்? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அது பரந்திருக்கும் நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். அளவில் ஒப்பிட்டால் ஓடந்துறை கடுகளவு. ஆனால் அளவு கூடக்கூட நிலம் பற்றிய கேள்வியும் கூடுகிறது. சூரியத் தகடுக்கும் காற்றாலைக்கும் வேண்டிய இடம் பெரும்பாலும் மானாவாரிக் காடும் மேய்ச்சல் வெளியும்தான். ஆடு மாடு மேய்ப்பவருக்கும் விறகு பொறுக்குபவருக்கும் அது பயனற்ற தரிசு அல்ல. அவர்களின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லாததால் அவர்களுடைய இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்த நிலத்துக்குக் காவலாக இருக்கவேண்டிய ஊராட்சி, வெளியிலிருந்து வரும் திட்டத்துக்கு அனுமதிக் காகிதம் கொடுக்கும் இடமாகச் சுருங்கினால், தூய ஆற்றல் பழைய அநீதியைப் புதிய பெயரில் தொடரும். ஊராட்சியே பங்குதாரராக இருந்தால், மந்தைவெளியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூரையையும் அலுவலகக் கூரையையும் முதலில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நிலையில் அது இருக்கும். கூரைக்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு: 2011இல் மாநில அரசு தொடங்கிய சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டோடு சூரிய விளக்குகளையும் சேர்த்துக் கொடுத்தது. ஆகவே பெரிய நிலையங்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். பெரியவை எழும் நிலத்தில் ஊரின் பங்கு என்ன என்ற கேள்வியைச் சிறியது ஒன்றுதான் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து பெறப்படுவன தெளிவானவை. உள்ளாட்சித் தேர்தல் காலம் தவறாமல் நடக்க வேண்டும். தனி அலுவலர் ஆட்சியில் நீண்டகாலச் சொத்து உருவாகாது. மின்கட்டணத்துக்கென்று ஊராட்சியின் கணக்குக்கு வந்து போகும் நிதியில் ஒரு பகுதியைச் சொந்த மின் உற்பத்தியில் முதலிடவும், அதைக் காட்டிக் கடன் பெறவும் ஊராட்சிக்குச் சட்டபூர்வமான உரிமை வேண்டும். ஊரின் எல்லைக்குள் பொதுநிலத்தில் எழும் எந்தக் காற்றாலையிலும் சூரிய நிலையத்திலும் ஊராட்சிக்குப் பங்கு இருக்க வேண்டும். ஒருமுறைத் தொகையோடு அது முடிந்துவிடக் கூடாது. இவற்றில் எதுவும் புதுமையான கோரிக்கை இல்லை. ஊர்த்தெருவுக்கு வெளிச்சம் தருவது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 1884இலேயே சட்டம் சொல்லிவிட்டது. மரபுசாரா எரிசக்தி ஊராட்சிக்கு உரியது என்று 1993இல் அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. சொந்தப் பணத்திலும் கடனிலும் அதைச் செய்ய முடியும் என்று 2006இல் ஓடந்துறை காட்டிவிட்டது. மிச்சமிருப்பது நிதியையும் ஆணையையும் சேர்த்துத் தருவது. அந்தப் பொறுப்பு மாநில அரசுடையது.